பெய்ஜிங் எரிப்பதும் எரிக்க வைப்பதும்

பெய்ஜிங்கின் மேற்குப் பக்கம், ஷிஜிங்ஷான் பகுதியில், 1919-ல் தொடங்கப்பட்ட இரும்பாலை ஒன்று இருந்தது. ஷோகாங் என்று பெயர். பல தலைமுறைகளுக்கு வேலை கொடுத்த ஆலை. தலைநகரத்தின் காற்றைக் கெடுத்ததிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2008 ஒலிம்பிக் பெய்ஜிங்குக்கு வந்ததும் அது கண்ணை உறுத்த ஆரம்பித்தது. நகரத்தை விட்டு ஆலையை அகற்ற 2005-ல் சீன அரசு ஒப்புதல் கொடுத்தது. 2010 முடிவில் பெய்ஜிங்கில் இரும்பு உருக்குவது முழுதாக நின்றது. இன்று அந்த வளாகம் ஒரு பூங்கா. 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் பெரிய குளிரூட்டும் கோபுரங்களுக்குப் பக்கத்தில் பனிச்சறுக்கு வீரர்கள் அந்தரத்தில் சுழன்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த மேடை நின்றது இந்தப் பழைய ஆலை வளாகத்தில்தான்.

ஆலை எங்கே போனது? சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, பக்கத்து ஹெபெய் மாகாணத்தின் டாங்ஷான் நகரத்துக்கு உட்பட்ட சாவ்ஃபெய்தியனுக்கு. போஹாய் விரிகுடாவில் கடலைத் தூர்த்து நிலமாக்கி, அங்கே புது உலைகளைக் கட்டினார்கள். ஆக, உலை அணைந்தது பெய்ஜிங்கில் மட்டும்.

நகரங்கள் தங்கள் கார்பன் உமிழ்வை எப்படிக் கணக்கிடுகின்றன என்று புரிந்துகொள்ள இந்த இடமாற்றத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வழக்கமான முறையில் நகர எல்லைக்குள் எரிந்த நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எவ்வளவு என்று பார்த்து, அதிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடைக் கூட்டுவார்கள். அந்த ஏட்டில் ஷோகாங் போன மறுநாளே பெய்ஜிங்கின் உமிழ்வு சரிந்துவிடும், ஹெபெய்யின் உமிழ்வு ஏறிவிடும். பெய்ஜிங் அதன்பின் கட்டிய மேம்பாலங்களுக்கும் சுரங்க ரயில் பாதைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இரும்பு தேவைப்பட்டுக்கொண்டேதான் இருந்தது. அது வெளியே உருகி, கம்பியாகவும் தகடாகவும் உள்ளே வந்தது. கூடவே வந்திருக்க வேண்டிய கார்பன் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கமே பதிவாகி நின்றுவிட்டது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெய்ஜிங்கின் காற்று உண்மையிலேயே சுத்தமானது. நுரையீரலுக்குள் போகும் பிஎம் 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரி 2013-ல் ஒரு கன மீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம், 2021-ல் 33. இது சாதாரண முன்னேற்றம் அல்ல. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் சுவாசிக்கும் காற்று அது. புகைக்கு இடம் முக்கியம்; ஆலை தள்ளிப் போனால் அதன் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு நிஜமான நிம்மதி. கார்பன் டை ஆக்சைடுக்கு இடம் ஒரு பொருட்டே இல்லை. ஷிஜிங்ஷானில் கிளம்பினாலும் சாவ்ஃபெய்தியனில் கிளம்பினாலும் அது ஒரே வானத்தில்தான் கலக்கிறது, ஒரே அளவுதான் பூமியைச் சூடாக்குகிறது. புகைக்குப் பொருந்தும் எல்லைக் கணக்கைக் கார்பனுக்கும் அப்படியே எடுத்துப் போட்டதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மின்சாரத்திலும் இதே கதை நடந்தது. பெய்ஜிங்கில் நான்கு பெரிய நிலக்கரி அனல்மின் நிலையங்கள் இருந்தன. 2014-ல் ஒன்று, 2015-ல் இரண்டு, 2017 மார்ச்சில் கடைசி ஒன்று என எல்லாவற்றையும் மூடி, எரிவாயு நிலையங்களைக் கொண்டுவந்தார்கள். எரிவாயு நிலக்கரியைவிடக் குறைவாகவே கார்பனைக் கக்கும், அது மெய்யான குறைப்பு. ஆனால் நகரம் செலவழிக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. உள் மங்கோலியா, ஷான்சி, ஹெபெய் பக்கமிருந்து உயர் அழுத்தக் கம்பிகளில் வரும் அந்த மின்சாரத்துக்குப் பின்னால் பெருமளவு நிலக்கரி இருக்கிறது.

மின்சாரக் கணக்கையாவது சரிசெய்வது சுலபம், மீட்டர் இருக்கிறது. உலக அளவில் நகரங்கள் பின்பற்றும் விதிமுறை ஒன்று 2014-ல் வந்தது. உலக வளங்கள் நிறுவனம், சி40 நகரங்கள் கூட்டமைப்பு, உள்ளாட்சிகளின் கூட்டமைப்பான இக்லி ஆகிய மூன்றும் சேர்ந்து வகுத்தது. அது உமிழ்வை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறது. நகருக்குள்ளேயே எரிவது முதல் வட்டம். வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம், வெப்பம் ஆகியவற்றுக்குப் பின்னால் இருப்பது இரண்டாவது. நகரத்தின் நடவடிக்கையால் வெளியே நடக்கும் மற்றவை மூன்றாவது. பெய்ஜிங் 2013 நவம்பரில் தொடங்கிய முன்னோடிக் கார்பன் சந்தையிலும் (உமிழ்வு உரிமங்களை வாங்கி விற்கும் ஏற்பாடு) மின்சாரத்தை வாங்கிப் பயன்படுத்துவோரின் தலையிலேயே அதன் உமிழ்வை எழுதினார்கள். பெரிய அலுவலகக் கட்டடங்களும் பல்கலைக்கழகங்களும் அதனால் பட்டியலுக்குள் வந்தன. இது பாராட்டத்தக்க துணிச்சல் என்பேன்.

மூன்றாவது வட்டம்தான் கடல். சிமென்ட், கம்பி, அரிசி, மருந்து, துணி, லேப்டாப், விமானப் பயணம் என்று ஒரு நகரம் வாங்காத பொருளே இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சங்கிலி. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப்போய் எடுக்க முடியாது. பல நகரங்கள் பயணத்தையும் குப்பையையும் மட்டும் சேர்த்துவிட்டு நின்றுவிடுவது அதனால்தான்.

இந்தக் கடலைக் கடக்க ஒரு வழியைப் பொருளாதாரம் முன்பே செய்து வைத்திருந்தது. ரஷ்யாவில் வளர்ந்து, அமெரிக்காவில் ஹார்வர்டில் வேலை பார்த்த வாசிலி லியான்டிஃப் 1936-ல் வெளியிட்ட உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணை அது. 1973-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இதற்காகத்தான். ஒரு பொருளாதாரத்தில் ஒவ்வொரு துறையும் மற்ற ஒவ்வொரு துறையிடமிருந்தும் எவ்வளவு வாங்குகிறது என்பதைச் சதுரமாகக் கட்டம் போட்டு எழுதுவது. பார்க்கச் சாதாரணமான பேரேடு. அதற்குள் இருக்கும் வேலையை ஒரு சின்னக் கணக்கில் காட்டிவிடலாம்.

இரண்டே துறைகள் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம்: இரும்பு, மின்சாரம். 100 யுவானுக்கு இரும்பு செய்ய 20 யுவான் மின்சாரம் வேண்டும். 100 யுவானுக்கு மின்சாரம் செய்ய 10 யுவான் இரும்பு வேண்டும். ஒருவர் 100 யுவான் இரும்பு வாங்குகிறார். அதற்கு 20 யுவான் மின்சாரம். அந்த 20 யுவான் மின்சாரத்துக்கு 2 யுவான் இரும்பு. அந்த 2 யுவான் இரும்புக்கு 40 காசு மின்சாரம். அதற்கு 4 காசு இரும்பு. இப்படிச் சுற்று முடிவில்லாமல் போகும், ஆனால் ஒவ்வொரு சுற்றும் சிறுத்துக்கொண்டே வரும். எல்லாச் சுற்றையும் கூட்டினால் இரும்பு 102.04 யுவான், மின்சாரம் 20.41 யுவான் என்று வந்து நிற்கும். நாற்பது, ஐம்பது துறைகள் இருந்தாலும் இதே கூட்டலை ஒரே அடியில் செய்துவிடலாம் என்பதுதான் லியான்டிஃப் காட்டிய வழி. அதற்குத் தேவையானது ஓர் அணியின் (மேட்ரிக்ஸ்) நேர்மாறு. பள்ளியில் அணிக் கணக்கு போட்டவர்களுக்கு நினைவிருக்கும். இன்று கணினி அதை நொடியில் செய்துவிடும்.

அப்புறம் மிச்சம் இருப்பது ஒரு பெருக்கல். ஒவ்வொரு துறையும் ஒரு யுவான் உற்பத்திக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடை நேரடியாக வெளியிடுகிறது என்ற எண்ணை மேலே கிடைத்த கூட்டுத்தொகையோடு பெருக்கினால், அந்த 100 யுவான் இரும்புக்குள் எங்கெங்கோ எரிந்த அத்தனை கார்பனும் கிடைத்துவிடும். இதைத்தான் பொருளில் உள்ளடங்கிய கார்பன் என்கிறார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க ஆய்வாளர்கள் புல்லார்டும் ஹெரண்டீனும் இதே முறையில் பொருட்களுக்குள் அடங்கிய எரிசக்தியைக் கணக்கிட்டார்கள். எண்ணெய்க்காகச் செய்த கணக்கு பிற்பாடு கார்பனுக்குக் கைகொடுத்தது.

இந்த இடத்தில் பெய்ஜிங்குக்கு ஒரு வசதி இருக்கிறது. பெய்ஜிங், ஷாங்காய், டியான்ஜின், சோங்சிங் நான்கும் நிர்வாகத்தில் மாகாணங்களுக்குச் சமமான நகரங்கள். சீனாவில் 2, 7 என்று முடியும் ஆண்டுகளுக்கு உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணை தயாராகிறது; மாகாணங்களுக்கும் தனித்தனியே உண்டு. அதனால் இந்த நான்கு நகரங்களுக்கும் சொந்த அட்டவணை கிடைத்துவிடுகிறது. உலகத்தின் பெரும்பாலான நகரங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாட்டு அட்டவணையை எடுத்து, மக்கள்தொகையையோ வருமானத்தையோ வைத்துச் சுருக்கித்தான் பயன்படுத்துகிறார்கள். பெய்ஜிங்கைப் பற்றி இவ்வளவு ஆய்வுகள் வந்ததற்கு இது முக்கியக் காரணம்.

அந்த ஆய்வுகள் என்ன காட்டின? ஆய்வாளர் குயிஷுவாங் ஃபெங் குழுவினர் 2014-ல் இந்த நான்கு நகரங்களையும் எடுத்துப் பார்த்தார்கள். பெய்ஜிங், ஷாங்காய், டியான்ஜினில் நுகரப்படும் பொருட்களுக்காக வெளியான கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 70 சதவீதம் நகர எல்லைக்கு வெளியே வெளியாகியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இதே குழு நாடு முழுவதையும் ஆராய்ந்தபோது, சீனாவின் உமிழ்வில் 57 சதவீதம், பொருள் தயாரான மாகாணத்துக்கு வெளியே நுகரப்படும் பொருட்களுக்காகவே எரிந்தது என்று தெரிந்தது. பணக்காரக் கடலோர மாகாணங்கள் நுகரும் பொருட்களின் கார்பனில் 80 சதவீதம் வரை, நடுச் சீனாவிலிருந்தும் மேற்குச் சீனாவிலிருந்தும் இறக்குமதி ஆனது. அங்கே தயாராவதோ லாபம் குறைந்த, கார்பன் மிகுந்த பொருட்கள்.

சோங்சிங்கில் இப்படி எல்லைக்கு வெளியே எரியும் பங்கு மற்ற மூன்றைவிடக் குறைவு. அது நல்ல நகரம் என்பதாலா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடக் கூடாது. சோங்சிங்கின் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல்; தமிழ்நாட்டில் பாதிக்கும் அதிகம். வயல், மலை, கனரக ஆலை எல்லாம் அந்த எல்லைக்குள்ளேயே அடக்கம். கோட்டைப் பெரிதாகப் போட்டால் வெளியே போவது தானாகக் குறையும். ஒரு நகரத்தோடு இன்னொன்றை ஒப்பிடும்போது முதலில் எல்லையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

துறைவாரியாகப் பார்க்கும்போதுதான் கணக்கு முழுசாக முகம் மாறுகிறது. நேரடி உமிழ்வு என்றால் கட்டுமானத் துறை பட்டியலின் அடியில் கிடக்கும்: கிரேன், லாரி, கொஞ்சம் டீசல், அவ்வளவுதான். உள்ளடங்கிய கார்பனைச் சேர்த்ததும் அது மேலே ஏறிவிடுகிறது. ஒரு டன் இரும்புக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு. 1,000 டன் கம்பி விழுங்கும் கட்டடம் கம்பிக்கு மட்டும் 2,000 டன்னைச் சுமந்துகொண்டு நிற்கிறது. கம்பி டாங்ஷானிலிருந்து வந்திருந்தால் பெய்ஜிங்கின் எல்லைக் கணக்கில் அதற்கு எழுதப்படும் எண் பூஜ்யம். சிமென்ட்டின் விஷயம் இன்னும் பிடிவாதமானது. சுண்ணாம்புக் கல்லைச் சூடாக்கிச் சுண்ணாம்பாக்கும்போது கல்லுக்குள்ளேயே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து வெளியேறுகிறது. 100 கிலோ தூய கல்லில் 44 கிலோ அப்படியே வாயுவாகப் போய்விடும். சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ போகத்தான் செய்யும், வேதியியல் அப்படி. கட்டிக்கொண்டே இருக்கும் ஒரு நகரம் தன் மின்சாரத்தைச் சுத்தமாக்கிவிட்டேன் என்று நிம்மதி அடைய முடியாததற்கு இந்த ஒரு வேதிவினையே போதும்.

பெய்ஜிங்கில் இன்னொரு விசேஷமும் உண்டு. அது தலைநகரம். அரசு அலுவலகங்கள், பெரிய மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், வங்கிகளின் தலைமையகங்கள் எல்லாம் அங்கே. சேவைத் துறை என்றாலே சுத்தமானது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஆனால் மருத்துவமனை இயந்திரம் வாங்குகிறது, மருந்து வாங்குகிறது, கட்டடம் கட்டுகிறது. அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் சேவையும் உலைக்களத்தில்தான் போய் முடியும். அதே நேரம், அந்த மருத்துவமனைக்கு நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்கள் பங்கு கார்பனை பெய்ஜிங்கின் தலையில் போடுவதா, அவரவர் ஊரில் போடுவதா? நுகர்வு வழிக் கணக்கு, அதாவது எங்கே எரிந்தது என்று பார்க்காமல் யார் நுகர்ந்தார் என்று பார்த்து எழுதும் கணக்கு, ஊருக்கு வெளியே விற்கப்படும் சேவையையும் ஏற்றுமதி என்றே எடுத்துக் கழித்துவிடச் சொல்கிறது. கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போது யார் வெளியூர், யார் உள்ளூர் என்ற தகவல் கிடைப்பதுதான் பாடு.

இந்த முறையின் மற்ற ஓட்டைகளையும் மறைக்கக் கூடாது. அட்டவணை பணத்தில் பேசுகிறது, கார்பன் டன்னில் வருகிறது. விலையுயர்ந்த சிறப்பு இரும்பும் மலிவான கம்பியும் ஒரே துறை என்பதால், ஒரு யுவானுக்கு இரண்டும் ஒரே கார்பனைச் சுமக்கின்றன என்று எடுத்துக்கொள்ள நேர்கிறது. இறக்குமதிப் பொருளும் உள்நாட்டு முறையிலேயே தயாரானது என்று பழைய ஆய்வுகள் பலவும் வைத்துக்கொண்டன. ஜெர்மனியிலிருந்து வந்த இயந்திரத்துக்கு ஹெபெய்யின் நிலக்கரிக் கணக்கைப் போட்டால் எண் ஊதிவிடும். சிட்னி பல்கலைக்கழகத்தில் உருவான ஈயோரா போன்ற பல நாட்டு அட்டவணைகள் வந்த பிறகு இது ஓரளவு சரியாகியிருக்கிறது. அட்டவணை ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்பது இன்னொரு குறை. சீனா போன்ற நாட்டில் ஐந்தாண்டில் ஒரு துறையே தலைகீழாகிவிடும்.

இதற்கு நடுவே ஒரு பாதையும் உண்டு. சென்னை ஐஐடியில் படித்து அமெரிக்காவில் ஆய்வு செய்யும் அனு ராமசாமி, 2008-ல் டென்வர் நகரத்துக்குச் செய்த கணக்கில் எல்லாச் சங்கிலியையும் துரத்தவில்லை. ஒரு நகரம் இல்லாமல் வாழவே முடியாத சிலவற்றை மட்டும் எடுத்தார்: உணவு, சிமென்ட், எரிபொருள் சுத்திகரிப்பு, விமானப் பயணம் போன்றவை. அவற்றை டன்னிலும் லிட்டரிலும் அளந்து சேர்த்தார். முழுமை குறைவு, நம்பகம் அதிகம். அட்டவணையே இல்லாத நகரங்களுக்கு இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உலகம் முழுக்கப் பார்த்தாலும் படம் இதேதான். சி40 கூட்டமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 79 நகரங்களின் எல்லை வழி உமிழ்வு 220 கோடி டன். நுகர்வு வழியில் பார்த்தால் 350 கோடி டன். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள பணக்கார நகரங்கள் சிலவற்றில் இரண்டாவது எண் முதலாவதைப்போல மூன்று மடங்கைத் தாண்டியது. தெற்காசிய, ஆப்பிரிக்க நகரங்கள் பலவற்றில் நேர்மாறு: அவை நுகர்வதைவிட அதிகமாக, மற்றவர்களுக்காக எரிக்கின்றன. லண்டன் தன் 2010-ம் ஆண்டுக் கணக்கை இரண்டு விதமாகவும் போட்டுப் பொதுவில் வைத்தது. நேரடி உமிழ்வோடு முக்கிய விநியோகச் சங்கிலிகளைச் சேர்த்தபோது சுமார் 8.1 கோடி டன், நுகர்வு வழியில் 11.4 கோடி டன். நாடுகளுக்கு இடையிலும் அப்படியே. 2004-ல் உலகக் கார்பன் டை ஆக்சைடில் 23 சதவீதம், அதாவது 620 கோடி டன், ஒரு நாட்டில் எரிந்து பொருளாக வேறொரு நாட்டுக்குப் போனது என்று ஆய்வாளர்கள் டேவிஸும் கால்டெய்ராவும் கணக்கிட்டார்கள். திருப்பூரில் தைத்து ஐரோப்பாவுக்குப் போகும் பனியனுக்குப் பின்னால் எரிந்த நிலக்கரி இந்தியாவின் ஏட்டில் ஏறுவதும் இதே விதியால்தான்.

சரி, அப்படியானால் எல்லாப் பழியையும் நுகர்பவன் மேல் போட்டுவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹெபெய்யின் ஆலைகள் சும்மா எரிக்கவில்லை. வேலையும் வரியும் லாபமும் அங்கே கிடைத்தன. உலையை நவீனமாக்கும் அதிகாரம் ஆலைக்காரரிடமும் அந்த மாகாண அரசிடமும்தான் இருக்கிறது, பெய்ஜிங்கில் வீடு வாங்குபவரிடம் இல்லை. நுகர்வுக் கணக்கு மட்டும் போதும் என்றால் தயாரிப்பவர் கைகழுவிவிடுவார். எல்லைக் கணக்கு மட்டும் போதும் என்றால் வாங்குபவர் கைகழுவிவிடுவார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும், ஆனால் ஒன்றோடொன்று கூட்டக் கூடாது. கூட்டினால் ஒரே டன் இரண்டு முறை வந்துவிடும். இந்த அடிப்படைப் பிழையை அறிக்கைகளில் இன்றும் பார்க்க முடிகிறது.

இது ஏட்டுச் சண்டை மட்டும் இல்லை என்பதை ஹெபெய் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. டாங்ஷான் என்ற அந்த ஒரு நகரம் 2020-ல் உருக்கிய இரும்பு 14 கோடி டன்னைத் தாண்டியது. அதே ஆண்டு இந்தியா முழுவதும் செய்தது சுமார் 10 கோடி டன். 2017 குளிர்காலத்தில் பெய்ஜிங்கும் அதைச் சுற்றியுள்ளவையுமாக 28 நகரங்களில் புகையைக் குறைக்கக் கடும் கட்டுப்பாடு வந்தது. டாங்ஷான் ஆலைகளின் உற்பத்தியில் பாதியளவு வரை நிறுத்தச் சொன்னார்கள். வீடுகளிலும் பள்ளிகளிலும் நிலக்கரி அடுப்புக்குத் தடை. மாற்றாக வர வேண்டிய எரிவாயு பல இடங்களுக்குச் சரியான நேரத்தில் வரவில்லை. ஹெபெய்யின் சூயாங் வட்டத்தில் வகுப்பறை தாங்க முடியாத குளிராக இருந்ததால் சின்னப் பிள்ளைகள் வெளியே வெயிலில் உட்கார்ந்து படித்த படங்கள் அந்த டிசம்பரில் நாடெங்கும் பரவின. அது காற்று மாசுக்கான நடவடிக்கை, கார்பனுக்கானது அல்ல. ஆனாலும் எந்தக் கணக்கை வைத்து யாரைச் சுருக்கச் சொல்கிறோம் என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றுதான். பெய்ஜிங்குக்காகவும் இரும்பு உருக்கிய மாகாணம், பெய்ஜிங்குக்காகக் குளிரையும் தாங்க வேண்டியிருந்தது.

ஒரு நகர நிர்வாகம் நுகர்வுக் கணக்கு என்ற இந்த இரண்டாவது ஏட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? வெளியூர் ஆலைக்கு அது உத்தரவு போட முடியாது. ஆனால் பாலம், பள்ளி, மெட்ரோ என்று இரும்பும் சிமென்ட்டும் வாங்கும் பெரிய வாடிக்கையாளர் அதுதான். டெண்டரில் விலை கேட்பதுபோல் ஒரு டன்னுக்கு எவ்வளவு கார்பன் என்றும் கேட்கலாம். கலிஃபோர்னியா மாநிலம் 2017-ல் இதற்குச் சட்டமே போட்டது. அரசுக் கட்டுமானங்களில் பயன்படும் கட்டுமான இரும்பு, கம்பி, தட்டைக் கண்ணாடி, வெப்பத்தைத் தடுக்கும் கனிமக் கம்பளி ஆகியவற்றுக்குக் கார்பன் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வாங்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2023 அக்டோபரிலிருந்து இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் உள்ளிட்ட இறக்குமதிகளோடு உள்ளடங்கிய கார்பன் எவ்வளவு என்ற விவரத்தையும் கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டது.

பெய்ஜிங்கின் நெருக்கடியைக் குறைக்க ஹெபெய்யில் சியோங்ஆன் என்ற புது நகரத்தை 2017-ல் அறிவித்தார்கள். தலைநகரத்துக்கு அவசியம் இல்லாத அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் அங்கே போகின்றன. வெறும் வயல்வெளியில் எழும்பும் நகரத்துக்கு எவ்வளவு கம்பி, எவ்வளவு சிமென்ட் போகிறது என்பது அதைக் கட்டுபவர்களின் பில்லிலேயே இருக்கும். இந்த முறை அந்தக் கார்பனை ஹெபெய்யின் பக்கத்தில் மட்டும் எழுதி முடித்துவிடாமல், இடம்பெயரும் அலுவலகங்களின் கணக்கிலும் காட்ட வேண்டும்.